அசையுது என்கிறார்கள்

அசையுது என்கிறார்கள். காலையிலிருந்து நாலு பேர் சொல்லியாகிவிட்டது. டாக்டர் சொன்னார், சிஸ்டர் சொன்னாள், என் மகன் பிரவீன் சொன்னான், என் மனைவி உலகம்மாள் இரண்டு தடவை சொன்னாள். என் கால் கட்டைவிரல் அசைகிறதா இல்லையா என்பது இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும்தான் தெரியாது. தலையைத் தூக்கக் கூடாது. நேற்று முதுகில் கட்டியை எடுக்கும்போது தண்டுவடத்தின் உறையை வெட்டித் தைத்திருக்கிறார்களாம், தலையைத் தூக்கினால் உள்ளே இருக்கிற தண்ணீர் தையல் வழியாகக் கசியுமாம், இரண்டு நாள் மட்டமாகப் படுத்தே கிடக்க வேண்டுமாம். எல்லாம் 'ஆம்'தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை மூன்று பேர் வந்து விரிப்போடு சேர்த்துப் புரட்டிவிட்டுப் போகிறார்கள், பத்து மணிக்குப் புரட்டினார்கள், இனி பன்னிரண்டுக்குத்தான். அதுவரை எனக்குக் கூரைதான். கூரையில் வெள்ளைச் சதுரங்கள், நீளவாக்கில் பதினொன்று, குறுக்கே எட்டு, மூலையில் ஒன்றில் மட்டும் தண்ணீர் கசிந்து பழுப்பாகியிருக்கிறது. கண்ணை எவ்வளவு தாழ்த்தினாலும் என் மூக்கு தெரிகிறது, அதற்கப்பால் வயிற்று மேடு, அதற்கப்பால் பச்சைப் போர்வை. போர்வைக்கு அந்தப் பக்கம் என் கால்கள் இருக்கின்றன, அல்லது இருக்க வேண்டும். அசை என்று மனதுக்குள் சொல்கிறேன், கடிதம் தபால் பெட்டியில் விழுந்த சத்தம் மட்டும் கேட்கிறது, போய்ச் சேர்ந்ததா என்று தகவல் இல்லை. உணர்ச்சி மெதுவாகத்தான் திரும்பும் சார், முதலில் அசைவு, அப்புறம்தான் உணர்ச்சி என்று டாக்டர் சொன்னார். அது வசதியான பதில். அசைகிறவனுக்குத் தெரியாது, பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்றால் பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமே. சிஸ்டரிடம் ஒரு கண்ணாடி கேட்டேன். எதுக்கு சார், அழகாத்தான் இருக்கீங்க என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்லியிருப்பேன், அதையும் நம்பியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இந்தக் கீஹோல் ஆபரேஷன் என்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. டாக்டர் இன்பராஜ் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு வைத்திருக்கிறார், அதைக் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிற மாதிரி வளைத்து வளைத்துக் காட்டினார். பெரிய கீறல் எல்லாம் அந்தக் காலம் சார், இப்போது இரண்டு சென்டிமீட்டர் போதும், தசையை வெட்டாமல் விலக்கி ஒரு குழாயை இறக்குவோம், குழாய் வழியாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே கட்டியைத் துண்டு துண்டாக எடுத்துவிடுவோம், நாலாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார். கட்டி எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். மொச்சைக்கொட்டை அளவு என்றார். மொச்சைக்கொட்டையிலும் பெரிது சிறிது உண்டு, எந்த மொச்சை என்று கேட்க வாயெடுத்தேன், உலகம்மாள் முழங்கையால் இடித்தாள். சாதாரணக் கட்டிதான், நரம்பின் உறையில் வளர்கிறது, நரம்பை நசுக்குகிறது, எடுத்துவிட்டால் சரி என்றார். சாதாரணக் கட்டி என்றால் எதற்குத் துண்டை எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள்? அது வழக்கம் என்கிறார்கள். என் அண்ணனுக்கு மார்புக்குக் கீழேயிருந்து தொப்புள் வரைக்கும் திறந்தார்கள், திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் அப்படியே மூடினார்கள். அவ்வளவு பெரிய வாசலிலேயே ஒன்றும் நடக்கவில்லை, இரண்டு சென்டிமீட்டரில் எல்லாம் நடந்துவிட்டதாம். குழாயை இறக்கினார்கள், எட்டிப் பார்த்தார்கள், ஐயோ இது நம்மால் ஆகாது என்று குழாயை உருவிக்கொண்டு ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள் என்றால் எனக்கு எப்படித் தெரியும்? முதுகு எனக்கு எந்நாளும் தெரியப்போவதில்லை. ஐம்பத்தொன்பது வருஷமாகக் கூடவே வைத்திருக்கிறேன், என் முதுகை நான் பார்த்ததே இல்லை. இதை நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகில் வலிக்கிறது. வலிக்கிறதே, அப்படியானால் அங்கே ஏதோ செய்திருக்கிறார்கள். ஆனால் வலி முதுகோடு நிற்கிறது, இடுப்புக்குக் கீழே வலி கூட இறங்கி வரமாட்டேன் என்கிறது, அங்கே ஈரத் துணியைச் சுற்றி வைத்த மாதிரி ஒரு மந்தம்தான் இருக்கிறது.

நான் சந்தேகப் பிராணி என்று உலகம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். முப்பத்திரண்டு வருஷம் முத்திரை ஆய்வாளர் வேலை, கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. தென்காசி, சங்கரன்கோவில், கடையநல்லூர், எந்தச் சந்தையில் எந்தக் கடைக்காரன் எப்படிச் சிரிப்பான் என்பது எனக்கு அத்துப்படி. வாங்க சார், இளநி சாப்பிடுதியளா என்று முகம் நிறையச் சிரிப்பான், சிரிக்கிறபோது முழங்கால் மேசைக்கு அடியில் என்னத்தையோ தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் நான் முகத்தைப் பார்ப்பதே கிடையாது, கையைத்தான் பார்ப்பேன். இன்றைக்குக் காலையிலும் கையைத்தான் பார்த்தேன். டாக்டர் வந்தார், போர்வையை விலக்கினார், அசைங்க என்றார், அசைத்தேன் என்று நினைக்கிறேன், குட் குட் என்றார், அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அவர் வெளியே போனதும் உலகம்மாள் பின்னாலேயே போனாள். படுத்த இடத்திலிருந்து பக்கவாட்டில் கண்ணை ஓட்டினால் கதவின் கண்ணாடி தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார், அவள் கேட்டாள், கேட்டுவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். நன்றி சொல்கிறபோது யாரும் அப்படிக் கும்பிடுவதில்லை. நெஞ்சுக்கு நேரே வைத்து, விரல்களை இறுக்கி, தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டி. வேண்டாம் என்கிற கும்பிடு அது. அவருக்குச் சொல்ல வேண்டாம் டாக்டர் என்கிற கும்பிடு. எனக்கு எப்படித் தெரியும் என்றால் அதே கும்பிடை நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன்.

அஞ்சு வருஷம் ஆகிறது. பரமசிவம் அண்ணனைத் திறந்து மூடிய மறுநாள், ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் வைத்து மதினி, அவள் தம்பிமார், நான், எல்லாரும் கூடிப் பேசினோம். இரைப்பை முழுக்கப் பரவியிருக்கிறது, மூன்று மாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் அன்றைக்கே போய்விடுவார் என்று முடிவு செய்தோம். முடிவு செய்வது என்ன, எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. டாக்டரைக் கும்பிட்டேன். ரிப்போர்ட்டில் இரண்டாம் பக்கத்தை உருவி மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், முதல் பக்கத்தை மட்டும் தலைமாட்டில் வைத்தோம். அண்ணன் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பார்வையை என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார். "ஏல காசி, நீ சொல்லு. ஆயுசு பூரா தராசு பாத்தவன் நீ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அல்சர்தான் அண்ணே, கொஞ்சம் முத்திப்போச்சு, அவ்வளவுதான் என்றேன். கண் சிமிட்டாமல் சொன்னேன். அவர் நம்பினார். நம்பி வீட்டுக்கு வந்து, தோட்டத்துக்குக் கிணறு ஆழப்படுத்த ஆள் பேசினார், தென்னங்கன்று நாற்பது சொல்லிவிட்டார், எனக்கே ஃபோன் போட்டு எந்தக் கன்று நல்லது என்று கேட்டார், நானும் சொன்னேன், குட்டை ரகம் மூன்று வருஷத்தில் காய்க்கும் என்று சொன்னேன். கடைசி வாரம் பேச்சு நின்ற பிறகு என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கோபம் இல்லை. நீயுமா என்று கேட்கிற பார்வை. அதற்கப்புறம் எனக்கு யார் நல்ல செய்தி சொன்னாலும் இரண்டாம் பக்கம் எங்கே என்று தேடுகிறேன். அண்ணன் கோபப்பட்டிருந்தால் தேவலை.

உலகம்மாள் ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது மணி பத்தேகால். உள்ளே ஒருவர்தான் இருக்கலாம், ஒரே ஒரு மஞ்சள் அட்டை, அதை வைத்திருப்பவர்தான் வர முடியும். அவள் ஏதோ தென்காசிச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்களாம், பால்காரர் கேட்டாராம். எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு தராசைச் சோதிக்கப் போனால் முதலில் கல்லை வைக்கிறவன் புதிதாக வேலைக்கு வந்தவன். பழகினவன் தட்டில் ஒன்றுமே வைக்க மாட்டான். வெறும் தட்டில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பான். ஒன்றும் வைக்காதபோதே முள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அப்புறம் நீ எதை வைத்தாலும் அது பொய்தான் சொல்லும். நான் காலை அசைக்கவில்லை. அசை என்று மனதால்கூடச் சொல்லவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரிக் கிடந்துகொண்டு கேட்டேன், இப்போது பார், அசைக்கிறேன், அசைகிறதா? "அசையுதுங்க. நல்லாவே அசையுது. சும்மா மனசப் போட்டு ஒலட்டாதிய" என்றாள். அவள் காலைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். ஒருவேளை தன்னால் துடித்திருக்கலாம், நரம்புக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். பதினொரு மணிக்கு நான் சாப்பிட்டுட்டு வாரேன் என்று அவள் போனாள், அட்டையை வாங்கிக்கொண்டு பிரவீன் வந்தான். அவனிடமும் வெறும் தட்டைத்தான் வைத்தேன். பிரவீன் எட்டிப் பார்க்கிற பாவனை செய்தான், பாவம், தாயைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரன். சூப்பரா அசையுதுப்பா என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், அவனுடைய கை விரலை.

ஆக, இரண்டும் போச்சு. இரண்டு காலும் போச்சு. வேறென்ன அர்த்தம். காலில் ஏதாவது இருந்தால் எதற்கு இப்படி ஒரே மாதிரி பொய் சொல்ல வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, கணக்குதான் வந்தது. தென்காசி வீட்டு வாசலில் ஐந்து படி, கக்கூசு கொல்லைப் பக்கம், அதற்கு இன்னும் மூன்று படி. சாய்வாகச் சிமெண்டு போட்டால் வண்டியை உருட்டலாம். வண்டியை யார் உருட்டுவது, உலகம்மாளுக்கு மூட்டு வலி. பிரவீன் இருப்பது கோவில்பட்டியில். காலையில் மலையைப் பார்த்துக்கொண்டு குற்றாலம் ரோட்டில் இரண்டு மைல் நடப்பேன், அதுதான் ரிட்டயர் ஆன பிறகு எனக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம். போன மாசி மாதம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன், ஒரு பையன் சைக்கிளில் பின்னாலேயே வந்து, தாத்தா செருப்பு என்றான். இடது கால் செருப்பு அரை பர்லாங் பின்னால் ரோட்டில் கிடந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை, வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். செருப்பு பழசு என்று கடைக்குப் போய்ப் புதுசு வாங்கினேன். அதுவும் கழன்றது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனோடு சண்டைக்குப் போனேன், ஒரு அளவு பெரிதைக் கொடுத்துவிட்டு வாதாடுகிறான் என்று சத்தம் போட்டேன், ஸ்கேல் கொண்டுவரச் சொல்லி எல்லார் முன்னாலும் அளந்தேன். செருப்பில் ஒரு குறையும் இல்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், என் காலை மட்டும் சந்தேகப்படவில்லை. அப்போதே வந்திருந்தால் கட்டி மொச்சை அளவுக்கு வந்திருக்காது. பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. வண்டியில் உட்காருவதுகூட அவ்வளவு பயமில்லை. மூன்று மாதம் கழித்தும் இவர்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு அசையுது அசையுது என்று சொல்வார்களே, நான் தென்னங்கன்றுக்குச் சொல்லி அனுப்புவேனே, அதுதான்.

கதவு திறந்த சத்தம் கேட்டது, ஜெபமலர் வந்தாள். பிரவீன் மருந்து வாங்கக் கீழே போயிருக்கிறான் மாமா, அட்டையை என்கிட்ட தந்தான் என்றாள். என் மருமகள். கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறாள். வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிற குடும்பம், பிரவீன் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டான். நான் கல்யாணத்துக்குப் போய் நின்றேன், அதற்குமேல் அவளோடு பெரிதாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அதற்குக் காரணம் வேதம் இல்லை. கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்தபோது, நான் முற்றத்தில் நாலு எட்டு நடந்ததைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாமா இடது கால இழுத்து நடக்கீங்க, டாக்டர்ட்ட காட்டுங்க என்றாள். வந்து மூணு நாள் ஆகலை, மாமனாரை நொண்டி என்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பாரு என்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன். செருப்பு கழன்றதற்கு ஆறு மாதம் முன்னால் அது. இப்போது அவள் ஸ்டூலில் உட்காரவில்லை. கால்மாட்டில் போய் நின்றாள், எனக்கு அவள் தலை மட்டும் வயிற்று மேட்டுக்கு மேலே தெரிந்தது. இவளையும் பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன், இவளுக்கும் பாடம் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். அசைவில்லாமல் கிடந்துகொண்டு, அசைக்கிறேன், அசைகிறதா என்று கேட்டேன். அவள் போர்வையைத் தூக்கி மடித்துப் போட்டாள். குனிந்தாள், தலை மறைந்துவிட்டது. வெளியே யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள், அந்தச் சத்தம் முழுக்கத் தேய்ந்து முடிகிற வரைக்கும் அவள் குனிந்தே இருந்தாள். தலை மறுபடி தெரிந்தது.

"இல்ல மாமா. நீங்க அசைக்கவே இல்ல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து காதுப் பக்கமாக வழிந்தது, மல்லாக்கப் படுத்திருந்தால் அப்படித்தான் வழியும். சரி, இப்போது அசைக்கிறேன் பார் என்றேன். இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி அசை அசை என்று கீழே அனுப்பினேன், பல்லைக் கடித்தேன். அவள் மறுபடி குனிந்தாள். இன்னொருக்க என்றாள். இப்ப வலது மட்டும் என்றாள். இப்ப இடது மட்டும். இடது, இன்னொருக்க. பிள்ளைகளிடம் பேசுகிற குரலாக இருக்கும், கொஞ்சம்கூடக் குழைவு இல்லை. அப்புறம் நிமிர்ந்து, சுற்றி வந்து, என் முகத்துக்கு நேரே நான் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு சொன்னாள். "வலது கட்டைவிரல் அசையுது, கணுக்கால் வரைக்கும் வருது. இடது அசையல மாமா. ஒண்ணுமே அசையல."

வலது அசைகிறது. காலையிலிருந்து நாலு பேர் சொல்லி இறங்காதது இவள் ஒருத்தி சொல்லி இறங்கியது. இடது அசையல என்று சொன்னவள்தானே சொல்கிறாள், அப்படியானால் வலது அசைகிறது, சந்தேகமே இல்லை, எனக்கு ஒரு கால் இருக்கிறது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் ஒரு நொடி தயங்கினாள், எனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருப்பார்கள். அப்புறம் சொன்னாள். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்களாம், அது நிஜம்தானாம். இடது பக்க நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்திருக்கிறதாம், மூன்று மாதத்தில் வரலாம், ஒரு வருஷமும் ஆகலாம், வராமலும் போகலாம் என்றாராம். லேப் ரிப்போர்ட் இன்னும் வரவில்லையாம். அத்தைதான் இதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு டாக்டரக் கும்பிட்டாங்க, ராத்திரி பூரா அவங்க தூங்கல மாமா என்றாள். வராமலும் போகலாம் என்பதை அவள் முழுங்கவில்லை, அதற்காக அவள் காலில் விழலாம் போல இருந்தது. நாளைக்கும் நீயே வந்து பாரும்மா என்றேன். காலையில் ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன், தினமும் பார்க்கிறேன், ஆனா ரெண்டு காலையும் தனித்தனியாத்தான் சொல்லுவேன் என்றாள். அம்மா என்று அவளைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

கதவுக் கண்ணாடியில் உலகம்மாள் தெரிந்தாள். ஜெபமலர் போர்வையைச் சரிசெய்துவிட்டு அட்டையைக் கொடுக்கக் கதவுக்குப் போனாள். உலகம்மாள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். முப்பது வருஷத்தில் அவள் முகத்தை நான் இப்படிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன், கையைப் பார்த்தே பழகிவிட்டேன். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது, உதடு காய்ந்து தோலுரிந்திருந்தது. புடவை நேற்றுக் கட்டியது. "அவ என்ன சொன்னா?" என்று கேட்டாள். கதவருகே ஜெபமலர் நின்றுவிட்டாள். கேட்டுவிடலாம். ஏன் மறைத்தாய் என்று கேட்கக் காலையிலிருந்து கேள்வியைத் தீட்டி வைத்திருந்தேன். நீயுமா என்று கேட்கலாம். வாயைத் திறந்தேன்.

"ரெண்டும் நல்லா அசையுதாம்" என்றேன்.

கண் சிமிட்டாமல்தான் சொன்னேன். ஜெபமலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் கூரைக்குத் திரும்பிக்கொண்டேன், கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான்தான் அப்பமே சொன்னேன்லா என்றாள் உலகம்மாள், சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் என் காது மடலைத் துடைத்தாள், ஈரமாக இருந்திருக்கும். சாப்பிட்டியா என்று கேட்டேன். சாப்பிட்டேன், நாலு இட்லி சாப்பிட்டேன் என்றாள். கேன்டீனில் இட்லி ஒன்பதரைக்கே தீர்ந்துவிடும், பிரவீன் காலையில் அதைச் சொல்லித்தான் திட்டிக்கொண்டிருந்தான், இவள் போனது பதினொன்றுக்கு. சரி என்றேன்.